மாடத்தியின் திங்கட்கிழமை

வீட்டுப்பாட நோட்டில் காலியாக விட்ட இடத்தைப் பார்த்தால் எனக்குச் சுர்ரென்று கோபம் வரும். தப்பாக எழுதியிருந்தால்கூடப் பொறுத்துக்கொள்வேன். தப்பைத் திருத்தலாம். ஒன்றுமே எழுதாத இடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ராஜபாளையத்தில் இருபத்திரண்டு வருஷம் ஐந்தாம் வகுப்பு எடுத்தவள் நான். தங்கபாய் டீச்சர் வருகிறாள் என்றால் பிள்ளைகள் நோட்டை ஒரு தடவை கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்துக்கொள்ளும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அந்தப் பெருமை அடிவாங்கியதைத்தான் சொல்லப்போகிறேன்.

எங்கள் பள்ளியையும் ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்னொரு பள்ளியையும் ஒரே நிர்வாகம் நடத்தியது. 1999 ஜூலையில் நிர்வாகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. இரண்டு பள்ளியின் ஐந்தாம் வகுப்பும் சேர்ந்து, கணினி வழியாக, ஒரு கூட்டு வீட்டுப்பாடம் செய்ய வேண்டுமாம். எங்கள் வகுப்பில் கரும்பலகையே வெளுத்துப்போய்க் கிடந்தது. அதற்குக் கறுப்பு அடிக்க வக்கில்லை, கணினியாம் என்று தலைமையாசிரியரிடம் சொன்னேன். அவர் கையெழுத்துப் போட்டு என்னிடமே கொடுத்துவிட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஐந்தாம் வகுப்பு டீச்சர் கிருபாபாய். என்னோடு டிரெயினிங் படித்தவள். இரண்டு வருஷம் விடுதியில் என் பக்கத்துப் பாய். பிள்ளைகளை அடிக்க மாட்டாள், அதட்டக்கூட மாட்டாள், அவள் வகுப்பு எப்போதும் சந்தைக்கடையாக இருக்கும். ஆனால் யோசனை எல்லாம் அவளுக்குத்தான் வரும். இதற்கும் அவள்தான் யோசனை சொன்னாள். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவருடைய ஒரு வாரத்தை எழுத வேண்டும். திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு கட்டம். முன்னால் பிள்ளையின் பெயர், அந்த ஆளின் பெயர், சொந்த ஊர், வேலை. கடைசியில் கையெழுத்துக்கு ஒரு கட்டம். இரண்டு வகுப்புக்கும் சேர்த்து ஒரே அட்டவணை. அதை அச்செடுத்துக் குழந்தைகள் தினத்தன்று இரண்டு பள்ளியிலும் சுவரில் ஒட்டுவது. யாரைப் பற்றி எழுதியிருக்கிறதோ அவரே வந்து தன் பிள்ளையின் வரிசையில் கையெழுத்துப் போடுவது. நல்ல யோசனைதான் என்று எனக்கும் பட்டது, அவளிடம் சொல்லவில்லை.

கம்ப்யூட்டர் இருந்தது ஒரு மருத்துவத் துணி கம்பெனியின் ஆபீசில். முதலாளி எங்கள் சர்ச் சபைக்காரர். சனிக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்கு என்று விட்டார். கிருபாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் கிடைத்தது. எங்கள் பக்கத்து ஆபரேட்டர் ஐயாதுரை. ஐம்பது வயது. டைப்ரைட்டிங்கிலிருந்து கம்ப்யூட்டருக்கு வந்தவர். ஒரே சொல் இரண்டு தடவை விழுந்தால் அந்தத் தாளையே கிழித்துப் போட்டு மறுபடி அடிக்கிற சுத்தக்காரர்.

முதல் தடவை அங்கிருந்து வந்த ஃபைலைத் திறந்தால் ஒரே கிறுக்கல். இரண்டு மிஷினிலும் ஒரே தமிழ் எழுத்தை, ஃபாண்ட் என்கிறார்களே, அதைப் போட்டிருக்க வேண்டுமாம். ஐயாதுரை அந்த எழுத்தை ஒரு ஃபிளாப்பியில் ஏற்றி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினார். கண்மூடித் திறப்பதற்குள் கடிதம் போகும் என்று சொன்ன மனுஷர், அந்த கம்ப்யூட்டருக்காக ஜன்னலோரம் அரை மணி நேரம் உட்கார்ந்து போனதை நான் ரொம்ப நாள் சொல்லிக்காட்டினேன். அதற்குப் பிறகு எழுத்து நன்றாகத் தெரிந்தது. வாரம் ஆறு பிள்ளைகளைக் கூட்டிப்போவேன். நாங்கள் சில வரிசைகளைச் சேர்த்து அனுப்புவோம், அவர்கள் சில வரிசைகளைச் சேர்த்துத் திருப்பி அனுப்புவார்கள். அனுப்பின பிறகும் ஃபைல் இங்கேயே இருக்கிறதே, அப்படியானால் போனது என்ன என்று ஒரு பயல் கேட்டான். ஐயாதுரை ஃபிளாப்பியைக் கையில் எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

மாடத்தி என் வகுப்பில் மூன்றாவது பெஞ்சு. ஒல்லிக்குச்சி. சில நாள் இரட்டைச் சடை கச்சிதமாக இருக்கும், சில நாள் இடது பக்கம் அவிழ்ந்து தோளில் தொங்கும். தலையைக்கூட ஒழுங்காகப் பின்னிக்கொள்ளத் தெரியாதா என்று நான் கேட்பதும், அவள் சிரிப்பதும் வழக்கம். அவள் தன் அப்பாவைப் பற்றி எழுதியிருந்தாள். பெயர் சங்கிலிப்பாண்டி. சொந்த ஊர் மகாராஜபுரம். வேலை டிரைவர். திங்கட்கிழமைக் கட்டத்தில், அப்பா காலை ஏழு மணிக்கு வருவார், எனக்குச் சடை போடுவார், இடது சடை மட்டும் நிற்காது என்று இருந்தது. செவ்வாயில், பஞ்சு லோடு ஏற்றப் போவார், திரும்பி வரும்போது மீசையிலும் பஞ்சு இருக்கும். புதனில், ரேடியோ கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவார், நான் எழுந்து பார்க்கும்போது போயிருப்பார். அதற்குப் பிறகு நாலு கட்டம் காலி.

மிச்சம் எங்கே என்று கேட்டேன். தெரியாது என்றாள். அம்மாவிடம் கேட்டு எழுது என்று அனுப்பினேன். மறுநாளும் காலி. அம்மா தெரியாது என்று சொல்லிவிட்டாளாம். அப்பாவிடமே கேள் என்றேன். அடுத்த வாரம் நோட்டை நீட்டினாள், அப்போதும் காலி. வெளியூர் லோடு என்று எழுதச் சொன்னாராம். அப்படியானால் எழுதுவதற்கு என்ன கேடு என்று கத்தினேன்.

"லோடுக்குப் போனா லாரியும் போகணும்ல டீச்சர்? லாரி ஷெட்லதான் நிக்கி. பள்ளிக்கூடம் வாரப்ப தெனமும் பாக்கேன்."

காது உள்ள டீச்சராக இருந்தால் அங்கேயே நின்றிருப்பாள். எனக்குக் கேட்டதெல்லாம் எதிர்ப்பேச்சு. நாலு கட்டத்துக்கு நாலு நாள், கணக்குப் பாடம் முடியும்வரை கதவோரம் நில் என்றேன். நின்றாள். நாலாம் நாள் அவளே போய் நின்றுகொண்டாள், நான் சொல்லக்கூட இல்லை. இதை எழுதும்போது இன்றைக்கும் எனக்குக் கை கூசுகிறது.

செப்டம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை அவளுடைய முறை வந்தது. ஐயாதுரை நல்ல உற்சாகத்தில் இருந்தார். முந்தின நாள்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் வரிசைகள் வந்திருந்தன, நான் கொடுத்த நோட்டுகளைப் பார்த்து எங்கள் வரிசைகளையும் அடித்து, எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருந்தார். ஒவ்வொரு பிள்ளையையும் நாற்காலியில் உட்காரவைத்து அவரவர் வரிசையைக் காட்டினார். மாடத்தி திரையைப் பார்த்தாள். உதடு அசைய முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

"டீச்சர், இதை நான் எழுதலை."

குனிந்து பார்த்தேன். ஏழு கட்டமும் நிறைந்திருந்தது. முதல் மூன்றும் அவள் எழுதினதுதான். வியாழனில், அப்பா காலையில் வந்து எனக்குச் சடை போடுவார், இடது சடை பள்ளிக்கூடம் போவதற்குள் அவிழ்ந்துவிடும். வெள்ளியில், அரிசிக் கடை வேன் ஓட்டுவார். சனியில், சாயங்காலம் சைக்கிளில் வைத்துச் சுற்றுவார், ஒரு தடவை பிளவக்கல் அணைக்குக் கூட்டிப்போனார். ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்து வருவார், எலும்பை எனக்குத் தருவார்.

யார் எழுதிக் கொடுத்தது என்றுதான் நான் கேட்டேன். என் புத்தி அங்கேதான் போனது. அவள் பயந்துபோய், சத்தியமாக நான் எழுதலை டீச்சர் என்று இரண்டு தடவை சொன்னாள். ஐயாதுரை நடுவில் வந்தார்.

"பிள்ளையை ஏசாதிய டீச்சர். நாந்தான் ஒண்ணாக்குனேன். அவிய அனுப்புனதுலயும் இந்தப் பேரு இருந்துச்சு. ச. மாடத்தி, அப்பா சங்கிலிப்பாண்டி, மகாராஜபுரம், டிரைவர். தெரியாம ரெண்டு தடவை அடிச்சிட்டாகன்னு நெனச்சேன். இதுல மூணு நாளு, அதுல நாலு நாளு. சேத்துப் பாத்தா சரியா ஏழு வந்துச்சு."

எங்கள் பக்கம் மூத்த பெண்பிள்ளைக்குத் தகப்பனைப் பெற்றவள் பெயரைத்தான் வைப்பார்கள். என் பெயரே என் அப்பாவுடைய அம்மா பெயர்தான். அந்த ஆளுக்கு இரண்டு ஊரில் இரண்டு மூத்த பெண். இரண்டு பேருக்கும் தன் ஆத்தா பெயரை வைத்திருக்கிறான். ஒரு பெயரை மாற்றி வைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பெற்றவள் பெயரை எந்தப் பக்கமும் விட்டுக்கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது.

இவ்வளவும் எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. மாடத்திக்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை. சனிக்கிழமைக் கட்டத்தில் விரலை வைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் பிளவக்கல் கூட்டிட்டுப் போறேன்னாக. பள்ளிக்கூடம் லீவு விட்டதும்னு சொன்னாக. லீவு எல்லாம் அவளுக்குப் போயிருச்சு."

மற்ற ஐந்து பிள்ளைகளையும் கம்பெனியில் ஓடுகிற தறிகளைப் பார்த்துவிட்டு வரச்சொல்லி அனுப்பினேன். அவளை என் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டேன். ஐயாதுரைக்கு அப்போதுதான் தான் செய்தது என்னவென்று புரிந்தது. எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்துவிட்டு, மிஷினைப் பார்த்தபடி நின்றார்.

அன்று மத்தியானம் பூத்திலிருந்து கிருபாவுக்குப் போன் பண்ணினேன். அவள் வகுப்பிலும் ஒரு மாடத்தி இருந்தாள். மூன்று கட்டம் காலியாக விட்டிருந்தாள். கிருபா அவளை ஒன்றும் சொல்லவில்லை. தெரியாவிட்டால் புள்ளி வைத்துவிடு என்றாளாம், அந்தப் பிள்ளை மூன்று கட்டத்திலும் வரிசையாகப் புள்ளி வைத்திருந்தாளாம். நான் நாலு நாள் நிற்கவைத்ததைச் சொன்னேன். கிருபா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடைசியில் இரண்டு வரிசையையும் எடுத்துவிடலாம் என்று முடிவுசெய்தோம். சுவரில் ஒட்டுகிற தாள், ஊர் பார்க்கும். வேறு வழி தெரியவில்லை.

திங்கட்கிழமை மாடத்தியைக் கூப்பிட்டு, தாளில் இடம் போதவில்லை, அதனால் உன் வரிசையை எடுத்திருக்கிறோம் என்றேன். பொய் சொல்லாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்கிற வாய். இடது சடை வழக்கம்போல அவிழ்ந்திருந்தது.

"முன்ன நாலு கட்டந்தான் எனக்கு இல்லை. இப்ப அந்த மூணும் இல்லையா டீச்சர்?"

வகுப்பை எழுதச் சொல்லிவிட்டு ஆபீஸ் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவளுக்காக அழுதேன், என்மேல் இருந்த கோபத்துக்காகவும் அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, உன் வரிசை இருக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள் என்று அவளிடம் சொன்னேன்.

சொல்லிவிட்டேனே ஒழிய, அவளைப் பெற்றவளைக் கேட்காமல் அப்படிச் செய்ய எனக்கு உரிமை கிடையாது. வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அந்த ஆள் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் போனேன். அம்மா சுந்தரம்மாள் மில்லில் நூல் சுற்றுகிறவள். அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தாள். என்னை உட்காரச் சொல்லிவிட்டு, மாடத்தியைக் கடைக்கு அனுப்பினாள். நான் ஆரம்பிப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள், சனிக்கிழமையே பிள்ளை எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாக. தன்னைக் கட்டின மறு வருஷமே அங்கே இன்னொரு குடும்பம் என்று தெரிந்துவிட்டதாம். சண்டை போட்டுப் பார்த்தாளாம், மூன்று மாசம் பிறந்த வீட்டில் இருந்து பார்த்தாளாம். அந்த அம்மாளுக்கும் இதெல்லாம் தெரியுமாம்.

"ஊருக்கே தெரியும் டீச்சர். பிள்ளை ஒருத்திக்குத்தான் தெரியாம வச்சிருந்தேன். பத்து வருஷம் ஒரு வார்த்தை வாய்தவறிச் சொன்னதில்லை. இனி மறைச்சு என்னத்துக்கு? எழுதட்டும். ஆனா அவரு வந்து கையெழுத்துப் போடுவாருன்னு மட்டும் பிள்ளைகிட்ட சொல்லிராதிய. இது தெரிஞ்சா இந்தப் பக்கம் வாரதையே நிப்பாட்டிருவாரோன்னு எனக்குப் பயமா இருக்கு."

அவளுக்குப் பயம் என்று அவள் சொன்னாள், ஆனால் மறுநாளிலிருந்து அந்தப் பயம் எனக்கும் வந்துவிட்டது. மூன்று நாள் வருகிற அப்பாவை நான் ஒரு வீட்டுப்பாடத்தால் இல்லாமல் பண்ணிவிடுவேனோ என்று தூக்கம் வராமல் கிடந்தேன். கிருபா அங்கே அந்த அம்மாளிடம் பேசினாள். அவளும் யோசித்துவிட்டுச் சரி என்றாளாம்.

அடுத்த சனிக்கிழமை ஐயாதுரை ஒன்றாக்கிய வரிசையைப் பழையபடி இரண்டாகப் பிரித்தார். பதினேழாவது வரிசை என் மாடத்தி, நாற்பத்தொன்றாவது வரிசை ஸ்ரீவில்லிபுத்தூர் மாடத்தி. காலியாக இருந்த நாலு கட்டத்துக்கு அவளே சொல்லச் சொல்ல அவர் அடித்தார். நாலிலும் ஒரே வாக்கியம். அப்பா ஸ்ரீவில்லிபுத்தூரில் இருப்பார். ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் மட்டும், அங்கே கறி சாப்பிடுவார் என்று சேர்க்கச் சொன்னாள். பார்த்து எழுதுகிற பிள்ளைகளை நான் சும்மா விட்டதே இல்லை. அன்றைக்கு அவள் நாற்பத்தொன்றாவது வரிசையைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள், நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கடுத்த வாரம் ஃபைல் திரும்பி வந்தபோது அந்தப் பக்கம் புள்ளி வைத்த மூன்று கட்டமும் நிறைந்திருந்தது. அப்பா ராஜபாளையத்தில் இருப்பார். செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில், மீசையில் பஞ்சு இருக்கும்.

அந்த வருஷம் நவம்பர் பதினாலு ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளி முன்கூட்டியே வெள்ளிக்கிழமை விழா வைத்துவிட்டது. நாங்கள் திங்கட்கிழமை வைத்தோம். யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை, ஆனால் வெள்ளி அந்தப் பிள்ளையின் நாள், திங்கள் இந்தப் பிள்ளையின் நாள். மாடத்தி நாட்காட்டியைப் பார்த்துவிட்டு வந்து இதை எனக்குச் சொன்னாள். அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை எதிரே இருந்த போன் பூத்துக்காரர் வந்து கூப்பிட்டார். கிருபா லைனில் இருந்தாள். சங்கிலிப்பாண்டி வந்தாராம், அந்தப் பிள்ளை கையைப் பிடித்துக் கூட்டிப்போய்த் தாளைக் காட்டினாளாம். கையெழுத்துப் போட விரலால் வரிசையைத் தேடிக்கொண்டே வந்தவர் பதினேழில் நின்றுவிட்டாராம். அதை முழுக்கப் படித்தாராம், பிறகு நாற்பத்தொன்றையும் படித்தாராம். செத்த நேரத்தில் வருகிறேன் என்று பேனாவைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டுப் போனவர் திரும்பவில்லை. ஹாலைக் கூட்டிப் பெருக்கி முடிக்கிறவரை அந்த மாடத்தி பேனாவோடு நின்றிருக்கிறாள். அன்று இரவு வீட்டுக்கும் போகவில்லை என்று மறுநாள் சொன்னாள்.

திங்கட்கிழமை காலையில் மாடத்தி வந்ததும் நான் முதலில் பார்த்தது அவள் தலையை. இரண்டு சடையும் கச்சிதமாக, நேராக, பச்சை ரிப்பனோடு இருந்தன. அம்மா போட்ட சடை. ஏழு மணிக்கு வர வேண்டியவர் வரவில்லை. இத்தனை வருஷம் கோணல் சடைக்குத் திட்டியவள், அன்றைக்கு ஒரு கோணல் சடைக்காக ஏங்கினேன்.

பத்து மணிக்குப் பெற்றோர்கள் வர ஆரம்பித்தார்கள். கைரேகை வைக்கிறவர்களுக்கு மைப்பெட்டி, கையெழுத்துப் போடுகிறவர்களுக்குப் பேனா. ஐயாதுரை வெள்ளைச்சட்டை போட்டுக்கொண்டு வந்து, தாள் எப்படி அச்சானது என்று கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார். மாடத்தி பேனாவை வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நின்றாள். சுந்தரம்மாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். பதினொன்றரை ஆனது. பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தாயிற்று. தன் பங்கை மாடத்தி வாயில் போடவில்லை, கைக்குள்ளேயே வைத்திருந்தாள்.

அப்போது அவர் வந்தார். மூன்று நாள் தாடி, கசங்கின சட்டை. மூன்று இரவும் லாரி ஷெட்டிலேயே படுத்திருந்ததாகப் பிறகு தெரிந்தது. அந்த ஆளிடம் கேட்க வேண்டியதை எல்லாம் நான் வெள்ளிக்கிழமையிலிருந்து மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். ஒவ்வொன்றும் நல்ல சூடான கேள்வி. மாடத்தி அவரிடம் ஒன்றும் கேட்காமல் பேனாவை நீட்டியதைப் பார்த்ததும் மைப்பெட்டியை நகர்த்தி அவருக்கு வழி விட்டேன். அவர் பதினேழாவது வரிசையில் கையெழுத்துப் போட்டார். முழுப் பெயரையும் எழுதினார். சுந்தரம்மாள் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாடத்தி அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். "இது அம்மா போட்ட சடை. நீங்க போடுங்க."

அத்தனை பேருக்கு நடுவில் அவர் தரையில் குத்தவைத்து உட்கார்ந்தார். இடது சடையிலிருந்து ரிப்பனை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, முடியை மூன்றாகப் பிரித்துப் பின்ன ஆரம்பித்தார். பாதி பின்னும்போது கை நின்றது. என்னைப் பார்க்காமலே பேசினார்.

"வெள்ளிக்கெழம அங்கன கையெழுத்துப் போடாம வந்துட்டேன் டீச்சர். அந்தப் பிள்ளை நின்னுக்கிட்டே இருந்துச்சாம். இங்க போட்டதைக் கம்ப்யூட்டர்ல அங்க அனுப்ப முடியுமா?"

ஐயாதுரை என்னைப் பார்த்தார். எழுத்து போகும், கையெழுத்து போகாது, அதற்கு வேறு மிஷின் வேண்டும் என்று மெதுவாகச் சொன்னார். பஸ் போகிறதே என்று நான் சொன்னேன். கொஞ்சம் கடுப்பாகத்தான் சொன்னேன், அவ்வளவு கோபமாவது எனக்கு மிச்சம் இருக்க வேண்டாமா?

"இன்னிக்குத் திங்கக்கெழம டீச்சர்" என்றார். அவருக்கு அது ஒரு பதில். பத்து வருஷமாக அவர் வைத்திருந்த ஒரே ஒழுங்கு அதுதான்.

மாடத்தி திரும்பினாள். பின்னின பாதிச் சடை அவர் கையிலிருந்து நழுவியது, அவள் அதைத் தன் கையால் பிடித்துக்கொண்டாள்.

"திங்கக்கெழம என் நாளுதானப்பா. நான் அவளுக்குத் தாறேன். போயிட்டு வாங்க. பன்னெண்டு மணி பஸ் போயிரும்."

அந்த மனுஷர் உட்கார்ந்தபடியே அழுதார். ஞாயிற்றுக்கிழமை எல்லாம் தனக்கு இல்லை என்று தெரிந்த பிள்ளை, பிளவக்கல் தனக்கு இல்லை என்று தெரிந்த பிள்ளை, கையில் இருந்த மூன்றில் ஒன்றை எடுத்துக் கொடுக்கிறது. மாடத்தி கைக்குள் வைத்திருந்த மிட்டாயையும் அவர் பையில் போட்டு, எழுப்பி வாசல்வரை தள்ளிக்கொண்டு போனாள். அவர் தெருமுனை திரும்புகிறவரை சடையைப் பிடித்தபடி நின்றாள். ரிப்பன் அவர் பையிலேயே போய்விட்டது. வேறு ரிப்பன் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டாள். சாயங்காலம்வரை ஒரு பக்கம் பின்னியும் ஒரு பக்கம் விரித்தும் திரிந்தாள், நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த வாரம் சனிக்கிழமை மாடத்தியின் முறை இல்லை. இருந்தாலும் கூட்டிப்போனேன். விழா முடிந்துவிட்டதால் இனிமேல் ஃபைல் வராது என்றுதான் ஐயாதுரையும் நினைத்திருந்தார். ஆனால் கிருபா ஒன்று அனுப்பியிருந்தாள். அதே அட்டவணைதான், ஒரு கட்டம் மட்டும் மாறியிருந்தது. நாற்பத்தொன்றாவது வரிசை, திங்கட்கிழமை. ஐயாதுரை நாற்காலியை இழுத்துப் போட்டு மாடத்தியை உட்காரவைத்தார். அவள் சத்தமாகவே படித்தாள்.

திங்கட்கிழமை மத்தியானம் அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கையெழுத்துப் போட்டார். மிட்டாய் தின்றேன். சாயங்காலம் அப்பா ராஜபாளையம் பஸ் ஏறினார். பையில் ஒரு பச்சை ரிப்பன் இருந்தது. கேட்டு வாங்கிக்கொண்டேன். அது உன் ரிப்பன் என்று அப்பா சொன்னார். வேண்டுமென்றால் சொல், கொடுத்துவிடுகிறேன்.

அதற்குக் கீழே எங்களுக்கென்று ஒரு கட்டம் இல்லை. அட்டவணைக்கு வெளியே எதையும் அடிக்க ஐயாதுரைக்கு மனம் வராது, அது எனக்குத் தெரியும். அன்றைக்கு அவரே தாளின் அடியில் இடம் பண்ணி, சொல்லும்மா என்றார். மாடத்தி தோளில் அவிழ்ந்து கிடந்த தன் சடையைக் கையால் தள்ளிவிட்டுக்கொண்டே சொன்னாள்.

"வச்சிக்கோ. எடது பக்கத்துக்குக் கட்டு."